வழியனுப்பு ஜெபம்

"வண்டியின் நாலு சக்கரத்தையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம், ஆண்டவரே" என்று மாமா சொன்னதும் பெர்சிஸ் மூடியிருந்த கண்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சக்கரம் வந்துவிட்டது. சக்கரத்துக்குப் பிறகு டிரைவர், டிரைவருக்குப் பிறகு சாலை, சாலை முடிந்தால் ஆட்கள். ஆட்களில் மாமா வயது வரிசை தவறமாட்டார். முதலில் மகள் கிளாடிஸ், பிறகு மகன் ஆசீர், பிறகு மருமகள் அவள், கடைசியில் பேத்தி நிஸ்ஸி. திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்தில் இருக்கும் இந்த வீட்டிலிருந்து ஜெபம் பண்ணாமல் யாரும் படி இறங்கியதில்லை. கிறிஸ்மஸுக்கு வந்தவர்கள் மதுரைக்குத் திரும்பும் இந்த மத்தியானமும் அப்படித்தான். பைகளெல்லாம் கட்டியாகி, நிஸ்ஸி ஒரு காலில் செருப்பும் மாட்டியாகிவிட்ட பிறகு, "எல்லாரும் வாங்க, ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிருவோம்" என்றார். ஒரு வார்த்தை என்பது மாமாவின் கணக்கில் ஒரு பானைச் சோறு வேகும் நேரம். நிஸ்ஸி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள். வெளியே மேகம் கவிந்திருந்தது. ஹாலில் காலையிலிருந்தே வெளிச்சம் போதவில்லை, ஆனாலும் பகலில் லைட் போடுவது இந்த வீட்டில் நடக்காத காரியம். யாராவது போட்டால் மாமா எழுந்து வந்து ஒன்றும் சொல்லாமல் அணைத்துவிட்டுப் போவார். கண்ணை மூடிக்கொள்வதற்கு வெளிச்சம் எதற்கு என்று பெர்சிஸ் நினைத்தாள். நினைத்ததுமே ஜெபத்தில் மனசு போகவில்லையே என்று குற்றவுணர்வு வந்தது. அது வருவதும் வழக்கம்தான், அது போவதும் வழக்கம்தான். தோளில் கைப்பையின் வார் அறுத்தது. பைக்குள் முந்திரிக்கொத்துப் பலகாரப் பொட்டலத்துக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே சென்னையிலிருந்து வந்த கடிதம் மடித்துக் கிடந்தது. அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சைகை மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்கு அவளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு வருஷம், விடுதியில் தங்க வேண்டும், ஜனவரி முதல் வாரம் வந்துவிட வேண்டும். ஆசீருக்குத் தெரியும், நிஸ்ஸிக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை. நேற்று சாயந்திரம் மாடியில் கிறிஸ்மஸ் ஸ்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஆசீர் வாயில் கயிற்றைக் கடித்துக்கொண்டே, "அப்பாட்ட சொல்லிட்டேன்" என்றான். "என்ன சொன்னாவ?" "சரின்னாவ." "எப்படிச் சரின்னாவ?" "சரின்னா சரிதான் பெர்சி, அதுல எப்படி என்ன இருக்கு? இந்தா, பல்பைப் பிடி." அவள் பல்பைப் பிடித்துக்கொண்டாள். கை சுட்டது.

மாமாவின் 'சரி'யில் ஒரு 'எப்படி' உண்டு. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருஷமே அவளுக்கு அது பிடிபட்டுவிட்டது. முகத்துக்கு நேரே மாமா யாரையும் எதுவும் சொல்லமாட்டார். சர்வீஸ் முழுக்க டிரில் மாஸ்டராக இருந்தவர், மைதானம் முழுவதும் கேட்கும்படி கத்திக் கத்திப் பழகியவர், வீட்டுக்குள் வந்தால் சரி, ம், பார்ப்போம், அவ்வளவுதான். தீர்ப்பெல்லாம் ஜெபத்தில் வரும். ஆசீர் கடன் வாங்கி பைக் எடுத்தது ஜெபத்தில் வந்தது. கிளாடிஸ் மதினி சாயந்திரம் சீரியல் பார்ப்பது ஆண்டவரிடம் போய் நின்றது, சீரியலின் பெயரோடு. பக்கத்து வீட்டு ஆடு கீரைப்பாத்தியில் மேய்ந்ததும் அங்கேதான் போனது. கண்ணை மூடியிருப்பவர்கள் பதில் பேச முடியாது. கடைசியில் எல்லாருமாக ஆமென் சொல்ல வேண்டும், காரியம் முடிந்தது. மதினி அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. "அப்பா ஆண்டவர்ட்ட சொல்லுதாவ, நான் ஆண்டவர்ட்ட தனியா பேசிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே சீரியல் பார்க்க உட்கார்ந்தாள். பெர்சிஸுக்கு அப்படி முடிந்ததில்லை. அவளுடைய அப்பா பஸ் கண்டக்டர். ஷிப்டுக்குப் போகும் அவசரத்தில் இரண்டே வரி ஜெபம், அதற்கு ஒரு ஆமென். இரண்டு வரி ஜெபத்தில் வளர்ந்தவளுக்கு ஆமென் பெரிய சொல். பதினைந்து நிமிஷ ஜெபத்தில் வளர்ந்த ஆசீருக்கு அது மூச்சு விட்டுக்கொள்ளும் இடம். முன்பு ஒரு தடவை, நிஸ்ஸி மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, இதே படிப்புக்கு இடம் கிடைத்தது. அப்போதும் ஆசீர்தான் போய்ச் சொன்னான், அப்போதும் சரி என்றுதான் பதில் வந்தது. புறப்படும் நேரத்தில் இதே ஹாலில் இதே வரிசையில் நிற்க வைத்து, "பெர்சிஸுக்கு இருக்கிற இடத்திலேயே மனநிறைவைக் கட்டளையிடும் ஆண்டவரே, தூரமான காரியங்கள் மேல் போகிற ஆசையை அவளை விட்டு எடுத்துப்போடும்" என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். பெர்சிஸும் சொன்னாள். நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது, சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்பது உறைத்தது.  மதுரை போய்ச் சேர்ந்ததும் இடம் வேண்டாம் என்று எழுதிப்போட்டாள். போகாதே என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஆசீர்கூட, "என்ன பெர்சி, போகலையா?" என்றுதான் கேட்டான். "ஆமென் சொல்லிட்டேனே." "அது எல்லாரும் சொல்றதுதானே." "எல்லாரும் சொல்லட்டும். எனக்கு எதிரா நானே சொல்லிட்டேன்லா." அவன் அவளைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கேலி இல்லை, புரியவுமில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தெரியாத பாஷையில் பேசினால் பார்ப்போமே, அந்தப் பார்வை.

இந்த முறை சொல்லமாட்டேன். அதை அவள் கிறிஸ்மஸ் அன்று காலை ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோதே முடிவு செய்துவிட்டாள். பாவமாக இருந்தால் இருக்கட்டும். எல்லாரும் சொல்லும்போது உதட்டை மூடிக்கொண்டிருப்பாள், யாருக்கும் தெரியாது, எல்லாருடைய கண்ணும் மூடித்தானே இருக்கும். ஆனால் ஒரு குரல் குறைந்தால் இந்தச் சின்ன ஹாலில் தெரியாமலா போகும்? மதினி கண்டுபிடிப்பாள். நிஸ்ஸி கண்டுபிடிப்பாள். ஐந்து வயதில், "தாத்தா, அம்மா ஜெபத்துல கண்ணத் தொறந்தா" என்று ஊரைக் கூட்டியவள். "நீ எப்படிட்டி பாத்த?" என்று மதினி கேட்க, பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. பெர்சிஸ் அன்று கண்ணைத் திறந்தது பழக்கத்தால். காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு ஜெபம் என்றால் கண்ணைத் திறந்துகொண்டு செய்வதுதான். கண்ணை மூடினால் அந்தப் பிள்ளைகளுக்கு ஜெபமே இல்லை. கைகளைப் பார்க்க வேண்டும், உதட்டைப் பார்க்க வேண்டும், கடைசியில் அத்தனை பேரும் கையைக் குவித்து நெஞ்சுக்கு நேரே இறக்குவார்கள், அதுதான் ஆமென். முன்பு அவளிடம் படித்த அமலி அதை எப்போதும் ஒரு நொடி முந்திச் செய்துவிடுவாள், மணி அடிக்கும் முன்பே பையைத் தூக்கிக்கொள்கிற பிள்ளை. அந்த அமலிக்குப் போன வைகாசியில் கல்யாணம். டீச்சர் வந்து பக்கத்தில் நின்று பாதிரியார் ஐயர் சொல்வதைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று அவளுடைய அம்மா வந்து கூப்பிட்டாள். பெர்சிஸ் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆல்டர் படியில் நின்றாள். பள்ளிக்கூடத்துச் சைகை அவளுக்குத் தெரியும். சாப்பாடு, புத்தகம், நாளைக்கு, வரிசையாக நில், பொய் சொல்லாதே. ஐயர் உடன்படிக்கை என்றார். அவளுடைய கை அந்தரத்தில் நின்றது. சாகுமளவும் என்றார். அதற்குச் செத்துப்போவது என்று மட்டும் காட்டத் தெரிந்தது, அளவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அமலி மிரண்டு போய் அவள் கையைப் பார்த்தாள். எதிரில் முந்நூறு பேர். பிறகு அமலி டீச்சரைக் காப்பாற்றுகிற மாதிரி வேகமாகத் தலையாட்டினாள். ஐயர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். புரியாத ஒன்றுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த அந்த முகத்தை பெர்சிஸால் பந்தியில் உட்கார்ந்தும் மறக்க முடியவில்லை. பிரியாணி வந்தது, போனது. அன்று ராத்திரியே மறுபடி விண்ணப்பம் போட்டாள். ஆசை என்று மாமா சொன்னாரே, அது ஆசைதானா? ஆசை என்றே இருக்கட்டும். நல்லதைச் செய்ய ஆசைப்பட்டேன் என்று ஆண்டவரிடம் சொல்ல அவளுக்கு வெட்கமில்லை. மாமாவிடம் சொல்லத்தான்.

"டிரைவர் தம்பி பேரு என்ன?" மாமா ஜெபத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். இப்படி நடுவில் நிறுத்திக் கேட்பது அவர் வழக்கம், ஆண்டவரிடம் ஆளை விலாசத்தோடு ஒப்படைக்க வேண்டும் அவருக்கு. "இசக்கி, அப்பா" என்றாள் மதினி.  வாசலில் டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை பெர்சிஸ் வரும்போது பார்த்திருந்தாள், அவன் லேசாக இருமுவது கேட்டது. "பேரு என்ன?" மறுபடி மாமா. "இசக்கின்னேம்லா. இசக்கிமுத்து!" மதினியின் குரலில் எரிச்சல் இருந்தது. அந்த எரிச்சல் இந்த நாலு நாளும் வீட்டில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டே சொன்னாள், "ஒங்க மாமாவுக்கு இப்பல்லாம் வீம்பு கூடிப்போச்சு பெர்சிஸ். பின்னாலருந்து கூப்பிட்டா திரும்பியே பாக்க மாட்டேங்காவ. நாமதான் முன்னால போயி நிக்கணுமாம், பெரிய மகாராஜா." பெர்சிஸ் சிரித்தாள், உப்பைப் பார்த்தாள், மறந்தாள். குக்கர் விசில் நாலு ஐந்து என்று அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலியில் மாமா பேப்பரிலிருந்து தலை தூக்காமல் இருந்தார், அதையும் பார்த்தாள். ஆராதனையன்று கோயிலில் ஆண்கள் வரிசையிலிருந்து அவர் குரல் தனியாகக் கேட்டது, எல்லாரும் அடுத்த வரிக்குப் போன பிறகு முந்தின வரியை முழுதாகப் பாடி முடித்தது. வயசாகிவிட்டது என்று நினைத்தாள். இசக்கி. இசக்கிமுத்து. பேரு என்ன. பெர்சிஸின் மூடிய கண்ணுக்குள் ஏதோ ஒன்று நகர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. வகுப்பில் புதிதாகச் சேர்க்கக் கூட்டிவருகிற பிள்ளையை அவள் முதலில் முதுகுப்பக்கம் நின்றுதான் கூப்பிட்டுப் பார்ப்பாள். தட்டைத் தட்டிப் பார்ப்பாள். வருஷா வருஷம் எத்தனை பிள்ளை. பெற்றவர்களே பிடிவாதம், திமிர் என்று சொல்லிக்கொண்டு வந்த பிள்ளைகளையெல்லாம் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்தவள், நாலு நாளாக இந்த மனிதர் எதிரில் காப்பி வைத்தாள், சோறு வைத்தாள், ஒன்றுமே தெரியவில்லை. அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை, அதுதான். அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று பயந்து காதைத்தான் தீட்டிவைத்திருந்தாள்.

அவள் கண்ணைத் திறந்தாள். எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். ஆசீரின் பின்கழுத்தில் புதுச் சட்டையின் அட்டைத்துண்டு எட்டிப் பார்த்தது. மதினியின் முகம் இன்னும் கடுகடுவென்று இருந்தது. நடுவில் மாமா, கைகளை முன்னால் கோர்த்துக்கொண்டு, முதுகு டிரில் மாஸ்டர் முதுகாகவே நிமிர்ந்து, கண்களை நன்றாகத் திறந்துவைத்திருந்தார். அவர் மதினியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மங்கல் வெளிச்சத்தில் முகத்தை முன்னால் நீட்டி, கண்ணைச் சுருக்கி, ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு, "இசக்கிமுத்துத் தம்பியை உம்முடைய சமூகத்தில் வைக்கிறோம், அவனுக்குத் தூக்கம் வராதபடி காத்துக்கொள்ளும்" என்று உரக்கச் சொன்னார். பெர்சிஸ் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள், திருடியவள் மாதிரி.  கிறிஸ்மஸ் அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மாமா அவளிடம் கேட்டது இப்போது வேறு மாதிரி வந்து நின்றது. "ஒங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எப்படி ஜெபம் பண்ணும்?" "கண்ணத் தொறந்துகிட்டுதான் மாமா. பாத்தாத்தானே தெரியும்." "கண்ணத் தொறந்துகிட்டா?" "ஆமா மாமா. அதுல ஒண்ணும் தப்பில்ல, ஆண்டவர் ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டாரு." "ம்" என்றார். எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். வேலை விஷயத்தில் ஏதோ குற்றம் பிடிக்கப்போகிறார் என்று அவள் அப்போது ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனாள். காது கேட்காததை அவர் எத்தனை மாதமாக மறைத்து வைத்துக்கொண்டிருக்கிறாரோ. ஒரே வீட்டில் இருக்கும் மகளிடம் சொல்லவில்லை. சத்தமாகப் பேசுவதே தொழிலாக இருந்தவருக்கு இப்போதும் சத்தமாகப் பேசி மறைத்துக்கொள்ள முடிகிறது. ஐயோ பாவம் என்று நினைத்த அதே மூச்சில் பயம் வந்தது, இந்த நாலு நாளின் பயத்தைவிடப் பெரிதாக. அப்படியானால் ஆசீர் சொன்னது? ஆசீர் எங்கே வைத்துச் சொன்னான்? தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தபோது, பின்னால் நின்று சொல்லியிருப்பான், அவன் எதையும் முகம் பார்த்துச் சொல்கிறவன் இல்லை. சரி என்றாராம். காது கேளாதவர்கள் சொல்லும் சரியை அவளைவிட யாருக்குத் தெரியும். அமலியின் தலையாட்டல் அது. அவருக்கு ஒன்றும் தெரியாது. வண்டி கிளம்பிவிடும். ஜனவரியில் யாரோ போனில் கத்தித்தான் அவருக்குச் சொல்வார்கள், உங்கள் மருமகள் வீட்டை விட்டுப் படிக்கப் போய்விட்டாள் என்று. அந்தக் கத்தல் அவருக்கு எப்படிக் கேட்கும்? பேசாமல் இப்போதே ஜெபத்தை மறித்து முன்னால் போய் நின்று சொல்லிவிடலாமா? காலை எடுத்துவைக்கக்கூடப் பார்த்தாள். அதற்குள் சாலை முடிந்துவிட்டது. மதினியின் சர்க்கரை வியாதி முடிந்துவிட்டது. "என் மகன் ஆசீர்" என்று மாமா ஆரம்பித்தார்.

ஆசீருக்கு ஆபீசில் சமாதானம் கேட்டார், வயிற்றைக் குறைக்கும் புத்தி கேட்டார். நிஸ்ஸி மூக்கால் சிரித்தாள். "அப்புறம் எங்கள் பெர்சிஸ்." அவளுடைய பல் தானாகக் கடித்துக்கொண்டது. மாமா நிறுத்தினார். இந்த நிறுத்தம் அவள் கேட்டதில்லை. பேர் கேட்க நிறுத்துவாரே தவிர, ஜெபத்தில் மாமா மூச்சுக்குக்கூட நிறுத்தமாட்டார். "ஆசீர் சொன்னான். சொன்னதில் பாதிதான் எனக்கு எட்டியது, ஆண்டவரே, மிச்சத்தை நீர் கேட்டிருப்பீர். அவள் சென்னைக்குப் படிக்கப் போகிறாள். ஒரு வருஷம். நல்ல தண்ணீர் உள்ள விடுதியாகக் கொடும், அந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை. பேசப் பேசக் கையால் சொல்லும் படிப்பாம். அது தேவைப்படுகிறவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள், அது உமக்குத் தெரியும். சீக்கிரமாய்க் கற்றுக்கொண்டு வரச் செய்யும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆசீருக்கு ரசம் வைக்கத் தெரியாது, அதையும் நினைத்தருளும்" என்றார். மதினி களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டாள். பெர்சிஸ் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கைப்பையின் வார் தோளிலிருந்து தானாக வழுக்கி முழங்கைக்கு வந்து விழுந்தது, அவள் விட்டுவிட்டாள். கடித்த பல் விட்டது, தாடை வலித்தது. எவ்வளவு நேரமாகக் கடித்துக்கொண்டிருந்தோம், மாடிக்கு ஸ்டாரைக் கழற்றப் போனதிலிருந்தா, போன வைகாசியிலிருந்தா. தரையின் குளிர்ச்சி பாதத்தில் தெரிந்தது. வாசலிலிருந்து மழைக்கு முந்தின மண்வாசனையும் உள்ளேயிருந்து முந்திரிக்கொத்து பொரித்த எண்ணெய் வாசனையும் வந்தன, இவ்வளவு நேரமும் இருந்திருக்கும். நல்ல தண்ணீர். ஒரு வருஷத்துப் பெரிய காரியத்தை இவர் ஒரு வாளித் தண்ணீராக்கிவிட்டார். அது எவ்வளவு லேசாக இருக்கிறது. மாமா இப்போது நிஸ்ஸியின் கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டார். நிஸ்ஸி தனக்கு வேண்டாத இடத்தில் ஜெபம் நீளுகிறதென்று காலை மாற்றி மாற்றி நின்றாள். பெர்சிஸ் அதைக் கேட்கவில்லை. பாதிதான் எட்டியது என்றாரே, மற்றவர்கள் அதை ஜெபத்தின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். மகளிடம் சொல்ல முடியாததை, மகனிடம் சொல்ல முடியாததை, எல்லாரையும் நிற்க வைத்துக் கண்ணை மூட வைத்து, அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார். ஒரே ஆளுக்கு விளங்கட்டும் என்று சொன்னாரா, யாருக்கும் விளங்காது என்று சொன்னாரா. இரண்டும் இருக்கலாம். சொன்னது வெளியே போய்விட்டதில் அவருக்கும் இப்படித் தோள் இறங்கியிருக்குமோ.

"இந்த விண்ணப்பங்களை எல்லாம் கேட்டருளும் எங்கள் பரம பிதாவே" என்றபோது அவள் கண்ணைத் திறந்தாள். இந்த முறை மூடிக்கொள்ளவில்லை. மாமாவின் பார்வை ஒவ்வொரு வாயாக வந்துகொண்டிருந்தது. மதினி ஆமென் என்றாள், தலையை ஒருபக்கம் திருப்பி முந்தானையைச் சரிசெய்தபடி. ஆசீர் குனிந்த தலையோடு நெஞ்சுக்குள் சொன்னான். நிஸ்ஸி ஆமென் என்பதையும் செருப்பு என்பதையும் ஒன்றாகச் சொல்லிவிட்டு ஓடினாள். மாமாவுக்கு யாருடையதும் கிடைத்த மாதிரி தெரியவில்லை. பார்வை அவளிடம் வந்து நின்றது. அவள் முகத்தை நிமிர்த்தி, உதட்டை அகலத் திறந்து, வகுப்பில் முதல்நாள் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாக, "ஆமென்" என்றாள். மாமா தலையை ஒருமுறை அசைத்தார்.

அதற்குள் வீடு கலகலத்துவிட்டது. "தாமிரபரணி தாண்டுறதுக்குள்ள மழை பிடிச்சிரும், வாங்க வாங்க" என்று ஆசீர் இரண்டு கையிலும் பைகளைத் தூக்கினான். "முந்திரிக்கொத்தை மேல வையி, நசுங்கிராம. ஏட்டி நிஸ்ஸி, தாத்தாட்ட சொல்லிட்டுப் போ" என்று மதினி கத்தினாள். "அப்ப ஒரு வருஷம் ஒம் மாப்பிள்ளைக்குச் சோறு நான் அனுப்பணுமாக்கும்?" என்று பெர்சிஸின் இடுப்பில் இடித்தாள். "ரசம் மட்டும் போதும் மதினி" என்றாள் பெர்சிஸ். அது தன் குரல்தானா என்று இருந்தது, அவ்வளவு தாராளமாக வந்தது. வாசலில் இசக்கிமுத்து வண்டியைக் கிளப்பிவிட்டான். மேகம் இன்னும் இறங்கி ஹாலில் ஆட்களின் முகம் வெறும் நிழலாகிவிட்டது. நிஸ்ஸி ஓடிவந்து, "போயிட்டு வாரேன் தாத்தா, ஈஸ்டருக்கு வருவோம்" என்று அவர் கையைப் பிடித்தாள். மாமா சிரித்துக்கொண்டே, "சரி, சரி" என்றார். அடுத்து ஆசீர் சொல்ல வந்துகொண்டிருந்தான். பெர்சிஸ் கதவோரத்துச் சுவரில் கையை நீட்டி லைட்டைப் போட்டாள்.